பிளாக்பூலில் ஓர் இரவு தங்கி இசை கேட்போம்: தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறையிலும், அதைத் தொடர்ந்து வரும் செப்டெம்பர், ஒக்டோபர் வார இறுதிகளிலும் பேருந்து அமர்த்தி நம் குடும்பங்களை வடமேற்கு இங்கிலாந்தின் கடற்கரை நகரமான பிளாக்பூலுக்கு அழைத்துச் செல்லும் பணியை உங்களில் பலர் ஆண்டுதோறும் செய்து வருகிறீர்கள். பெயர் பதிவது, பணம் சேர்ப்பது, முதியவர்களுக்கு முன் இருக்கை ஒதுக்குவது, வழியில் உண்பதற்குப் புளிச்சாதமும் மரக்கறி ரோல்ஸும் கட்டிக்கொள்வது என்று ஒரு நாள் பயணத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதை, அந்தப் பேருந்துகளில் ஏறி இறங்கியவன் என்ற முறையில் நான் நன்கு அறிவேன். அந்த உழைப்பில் குறை காண்பதற்காக இம்மடலை எழுதவில்லை. பயணத்தோடு ஓர் இரவைச் சேர்த்து, அந்த இரவை நேரடி இசைக்கென்று ஒதுக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

இப்போதைய திட்டம் எல்லாச் சங்கங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் ஊர் சேர்கிறோம். பிள்ளைகள் ராட்டினங்களுக்கு ஓடுகிறார்கள், பெரியவர்கள் மணலில் நடக்கிறார்கள், சிலர் கோபுரத்தின் உச்சிக்கு ஏறிக் கடலைப் பார்க்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் எல்லோரையும் எண்ணிப் பேருந்தில் ஏற்றி, கடற்கரைச் சாலையின் ஒளி அலங்காரத்தின் கீழே மெல்ல ஊர்ந்து, விளக்குகள் முடியும் இடத்தில் நெடுஞ்சாலைக்குத் திரும்பிவிடுகிறோம். பிளாக்பூல் எந்த நேரத்துக்காகக் கட்டப்பட்டதோ அந்த நேரம் தொடங்கும்போது நாம் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறோம். விளக்குகளைக் கண்ணாடிக்கு உள்ளிருந்து பார்த்ததோடு இரவு முடிந்துவிட்டது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த விளக்குகள் எதற்காக ஏற்றப்பட்டன என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

1879ஆம் ஆண்டில் எட்டு மின்வில் விளக்குகளைக் கடற்கரையில் ஏற்றி இரவைப் பகலாக்கிக் காட்டிய ஊர் அது. 1912இல் இளவரசி லூயிஸ் புதிய கடற்கரை நடைபாதையைத் திறந்துவைக்க வந்தபோது ஏறத்தாழ 10,000 குமிழ் விளக்குகளால் அதை அலங்கரித்தார்கள். அந்த அழகைக் கண்ட வணிகர்களும் விடுதிக்காரர்களும், கோடை முடிந்து கூட்டம் கலையும் காலத்தில் மறுபடியும் ஏற்ற வேண்டும் என்று கேட்டதால், அதே ஆண்டு செப்டெம்பரில் விளக்குகள் திரும்பி வந்தன. இரண்டு உலகப் போர்களின்போது அணைந்து, மீண்டும் ஏற்றப்பட்டு, இன்று ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்துக்கு எரிகின்றன. குளிர் தொடங்கிய பிறகும் மக்களை ஊருக்குள் வரவழைத்து, விடுதிகளிலும் அரங்குகளிலும் நடன மண்டபங்களிலும் இன்னும் சில வாரங்களுக்கு ஆளும் வேலையும் இருக்கச் செய்வதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. பாட்டுக்காரருக்கும் வாத்தியக்காரருக்கும் அது கூடுதல் சம்பளம் தந்த பருவம். விளக்கைப் பார்த்துவிட்டு மண்டபத்துக்குள் நுழையாமல் திரும்புவது, கோவில் வாசலில் கட்டிய அலங்கார வளைவைப் பார்த்துவிட்டு வீதியில் நடக்கும் நாதஸ்வரக் கச்சேரியைக் கேளாமல் வீட்டுக்குப் போவதைப் போன்றது.

நம்மைப் போலவே கூட்டமாகப் பணம் சேர்த்து, கூட்டமாக வந்தவர்கள்தான் அந்த ஊரை உருவாக்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1846இல் ரயில் பாதை வந்த பிறகு லங்காஷயரின் பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் அங்கே வரத் தொடங்கினார்கள். ஆலை நகரங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு வாரம் ஆலைகளை ஒட்டுமொத்தமாக மூடும். பர்ன்லிக்கு ஒரு வாரம், ஓல்டாமுக்கு வேறொரு வாரம். அந்த ஒரு வாரத்துக்காக ஆண்டு முழுவதும் தெருவிலும் ஆலையிலும் சேமிப்புக் கழகம் நடத்தி, வாரந்தோறும் சில்லறை கட்டி வருவார்கள். நம் தாய்மார்கள் சீட்டுக் கட்டிய அதே முறைதான். ஊரே பெயர்ந்து வந்ததால் தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்களே நடன மண்டபத்திலும் அருகருகே நின்றார்கள். அவர்களில் நெசவுப் பிரிவில் வேலை செய்த பெண்களுடைய காதுகள் தறிகளின் இரைச்சலில் நாள் முழுவதும் அடிபட்டவை. அந்த இரைச்சலில் வாய் அசைவைக் கண்டே ஒருவரோடொருவர் பேசப் பழகியவர்கள் அவர்கள். அத்தகையவர்கள் ஓராண்டுச் சேமிப்பைக் கொண்டுவந்து செலவழித்தது கடற்காற்றுக்கும் மணலுக்கும் மட்டுமன்று, இசைக்கும்தான் என்பது என் மனத்தைவிட்டு நீங்காத செய்தி.

அவர்களுக்கு ஏற்றவாறு ஊர் வளர்ந்தது. 1863இல் திறந்த நார்த் பியர் என்னும் கடற்பாலம் சற்று வசதியுள்ளவர்களின் உலாவுமிடமாக இருந்தது. அதன் முனையில் 1870களில் எழுந்த அரங்கத்துக்கு ‘இந்தியன் பவிலியன்’ என்றே பெயர். இந்தியக் கோவில் ஒன்றின் சாயலில் கட்டி, உள்ளே மேல்நாட்டு வாத்தியக் குழுவை அமர்த்தியிருந்தார்கள். 1921இல் அது தீயில் அழிந்தது. 1868இல் திறந்த இரண்டாவது கடற்பாலமான இன்றைய சென்ட்ரல் பியர், திறந்தவெளி நடனத்தால் ‘மக்கள் பாலம்’ என்று பெயர் பெற்றது. கடலுக்கு மேலே பலகைத் தளத்தில் ஆலைத் தொழிலாளர்கள் ஆடினார்கள். 1878இல் விண்டர் கார்டன்ஸ் திறந்தது. 1896இல் அதற்குள் எம்பிரஸ் பால்ரூம் வந்தது. அதற்கு ஈடுகொடுக்க வேண்டிய கட்டாயத்தால், 1894இல் எழுந்த 158 மீற்றர் உயரக் கோபுரத்தின் உரிமையாளர்கள், பிராங் மாட்சம் என்னும் அரங்கக் கட்டடக் கலைஞரைக் கொண்டு கோபுரத்தின் அடியில் இருந்த மண்டபத்தை மாற்றியமைத்து 1899இல் திறந்தார்கள். அதுதான் டவர் பால்ரூம்.

அந்த மண்டபத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். நம் பேருந்துகள் நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தும், நம்மவரில் மிகச் சிலரே அதற்குள் நுழைந்திருக்கிறார்கள்.

மகோகனி, ஓக், வால்நட் ஆகிய மரங்களில் அறுத்த 30,602 துண்டுகளைப் பொருத்திச் செய்த நடனத் தளம் அதன் நடுவே கிடக்கிறது. இரண்டு அடுக்கு உப்பரிகைகள் மூன்று பக்கமும் வளைந்து வருகின்றன. மேற்கூரையில் ஓவியங்கள், அவற்றின் கீழே சரவிளக்குகள், மேடைக்கு மேலே ஷேக்ஸ்பியரின் கவிதை வரி ஒன்று. மேடையின் தரைக்குக் கீழிருந்து வெள்ளை நிற ஆர்கன் மேசை ஒன்று, வாசித்துக்கொண்டிருக்கும் கலைஞரோடு மெல்ல மேலெழுந்து வரும். வுர்லிட்சர் என்னும் அந்த வாத்தியத்தின் குழல்கள் நம் கண்ணுக்குப் படாத அறைகளில் நிற்கின்றன. மின்விசிறி ஊதும் காற்று அவற்றுக்குள் புகுந்து ஒலியாகிறது. குழல்கள் மட்டுமல்ல, முரசும் தாளமும் மணியும் சைலோபோனும்கூட அந்த அறைகளுக்குள்ளேயே இருந்து, மேசையில் அமர்ந்தவரின் விரலுக்கும் காலுக்கும் கட்டுப்பட்டு ஒலிக்கின்றன. பேசாப் படங்களுக்குப் பின்னணி இசை தருவதற்காக ஒரு முழு வாத்தியக் குழுவின் வேலையை ஒருவரே செய்யும்படி உருவாக்கிய வாத்தியம் அது. 1929இல் முதல் வுர்லிட்சர் அங்கே பொருத்தப்பட்டது. 1935இல் அதற்குப் பதிலாக இன்னும் பெரியது வந்தது.

அந்தப் பெரிய வாத்தியத்தை வடிவமைத்தவர் ரெஜினால்ட் டிக்சன். 1930இல் அங்கே வாசிக்க வந்த அவர், போர்க்காலத்தில் விமானப் படையில் பணியாற்றிய ஆண்டுகள் நீங்கலாக, 1970 வரை அந்த மேசையிலேயே இருந்தார். பிபிசி வானொலி அவருடைய வாசிப்பை நாடெங்கும் ஒலிபரப்பியதால் ‘மிஸ்டர் பிளாக்பூல்’ என்று அவரை மக்கள் அழைத்தார்கள். தேவாலயத்து ஆர்கனைப் போல ஒலியை நீட்டி இழுத்து வாசித்தால், ஆயிரக்கணக்கான கால்கள் உரசும் ஓசையில் தாளம் காணாமல் போய்விடும். ஆகவே அவர் இடக்கையிலும் காலிலும் தாளத்தைத் துண்டு துண்டாக வெட்டி அழுத்தி, வலக்கையில் மெட்டைப் பளிச்சென்று எடுத்து, மண்டபத்தின் கடைசி மூலையில் ஆடுபவருக்கும் அடி தவறாதபடி வாசித்தார். பிளாக்பூல் பாணி என்று ஆர்கன் உலகம் சொல்வது இதைத்தான். ஆடுபவர்களுடைய காலுக்காகப் பிறந்த பாணி அது. கேட்பவர் இல்லாவிட்டால் அப்படியொரு வாசிப்பே தோன்றியிருக்காது என்பதால், மண்டபத்துக்கு வருவோரும் இசையின் ஒரு பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1970களின் நடுவில், இலங்கையிலிருந்து படிக்க வந்த மாணவர் பலரைப் போல, நானும் கோடை விடுமுறையில் பிளாக்பூலின் தங்கும் விடுதி ஒன்றில் சமையலறை வேலை பார்த்தேன். டிக்சன் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் மண்டபம் அவர் பழக்கிய வழக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. மாலைச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு ஓடினால் இரண்டு மணி நேரம் இசை கேட்கலாம். விடுதி நடத்திய அம்மையார் இரவில் கதவைப் பூட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். வாத்தியக் குழு ஓய்வெடுக்கும்போது ஆர்கன் எழும், ஆர்கன் இறங்கும்போது வாத்தியக் குழு தொடங்கும். இடைவெளியே தெரியாமல் ஒன்றின் கடைசிச் சுரத்தை மற்றது பிடித்துக்கொள்ளும். உப்பரிகையின் கம்பியில் சாய்ந்து நின்று பார்த்தவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். முதிய பெண்மணி ஒருவர் கைப்பையிலிருந்து நடனக் காலணியை எடுத்து, அடித்தோலைக் கைக்குட்டையால் துடைத்து, மாற்றிக்கொண்டு தளத்தில் இறங்கினார். அவருடைய கணவர் ஏதோ கேட்டபோது அவருடைய வாயையே பார்த்து விடை சொன்னார். தறிப் பட்டறையில் காது போனவர் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். ஆனால் வால்ட்ஸ் தொடங்கியதும் ஓர் அடிகூடப் பிசகவில்லை. ஆர்கனின் அடிச்சுரங்கள் மரத்தளத்தில் ஏறி வருவதை நானும் அன்றைக்குக் கீழே இறங்கிக் காலால் உணர்ந்தேன். எந்த ஒலிப்பதிவிலும் அது இல்லை.

நடன மண்டபம் மட்டும்தான் அந்த ஊரின் இரவு என்று எண்ணிவிடக் கூடாது. விண்டர் கார்டன்ஸில் உள்ள ஒபேரா ஹவுஸில் பிராங் சினாட்ரா 1950களில் பாடியிருக்கிறார். 1967 நவம்பரில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதே மேடையில் கிட்டார் வாசித்தார். 1963 முதல் 1965 வரையான கோடைகளில் பீட்டில்ஸ் குழுவினர் அந்த ஊர் மேடைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள். 1964 ஜூலையில் எம்பிரஸ் பால்ரூமில் ரோலிங் ஸ்டோன்ஸ் வாசித்த இரவு கலவரத்தில் முடிந்தது. நகரசபை அக்குழுவுக்கு விதித்த தடை 2008இல்தான் நீங்கியது. 1989 ஓகஸ்டில் அதே பால்ரூமில் ஸ்டோன் ரோசஸ் வாசித்ததை மன்செஸ்டர் இளைஞர்கள் இன்னும் பேசுகிறார்கள். இன்னொரு பக்கம் சென்ட்ரல் டிரைவில் இருந்த மெக்கா என்னும் நடன மண்டபத்தின் ஹைலண்ட் ரூமில், 1970களில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைத்தட்டுகளுக்கு ஆட இங்கிலாந்தின் வடபகுதி முழுவதிலுமிருந்து இளையோர் ரயிலேறி வந்தார்கள். அது இசைத்தட்டு இசைதான், நேரடி இசை அன்று. ஆயினும் அதையும் அந்த ஊரின் இரவிலிருந்து பிரித்துவிட முடியாது.

இவற்றுள் பல இன்று இல்லை. பழைய பெலஸ் அரங்கம் 1961இல் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் பல்பொருள் அங்காடி எழுந்தது. மெக்கா 2009இல் இடிக்கப்பட்டது. மாட்சம் கட்டிய கிராண்ட் அரங்கையும் 1970களின் தொடக்கத்தில் இடிக்க முனைந்தார்கள். அரங்கின் அன்பர்கள் ஒன்றுகூடிப் போராடியதால் அது தப்பி, சிலகாலம் பிங்கோ மண்டபமாக இருந்து, 1981இல் மீண்டும் நாடக அரங்காகத் திறந்தது. இசை குன்றியதற்குக் காரணங்கள் தெளிவானவை. ஆலைகள் மூடப்பட்டன, அவற்றோடு ஊரே பெயர்ந்து வரும் விடுமுறை வாரங்களும் மறைந்தன. விமானக் கட்டணமும் விடுதியும் சேர்ந்த மலிவான ஸ்பானியப் பயணங்கள் வந்தன. 1964இல் சென்ட்ரல் ரயில் நிலையம் மூடப்பட்டது. பன்னிரண்டு பேர் கொண்ட வாத்தியக் குழுவுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் ஓர் இசைத்தட்டு இயக்குநரை வைத்து முழுப் பருவத்தையும் ஓட்டிவிடலாம் என்று மண்டபக்காரர்கள் கண்டுகொண்டார்கள். இந்தக் கடைசிக் காரணம்தான் மற்ற எல்லாவற்றையும்விட என்னை வருத்துகிறது. ஊருக்கு ஆள் வராமல் போனதற்கு மண்டபக்காரர் பொறுப்பாளிகள் அல்லர். ஆள் வந்த இரவுகளிலும் கலைஞரை வீட்டுக்கு அனுப்பியது அவர்களுடைய தேர்வு.

இதை வேற்றாரின் கதையாக நம்மால் பார்க்க முடியுமா? நம் தலைமுறையில் பலர் கோவில் திருவிழாக்களில் விடிய விடிய வீதியில் நின்று நாதஸ்வரமும் தவிலும் கேட்டவர்கள். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலுக்காக ஊர் விட்டு ஊர் நடந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். எழுபதுகளில் நித்தி கனகரத்தினத்தின் பொப் பாடல்களையும் ஏ. ஈ. மனோகரனின் பைலாத் தாளத்தையும் மேடைக்கு முன்னால் மணலில் அமர்ந்து கேட்டவர்கள் நாம். பிரித்தானியாவுக்கு வந்த புதிதில் நம் சங்க விழாக்களிலும் தபேலாவும் கிட்டாரும் கீபோர்டுமாக ஒரு குழு இருந்தது. வேலை முடிந்து வந்து பாடசாலை மண்டபங்களில் ஒத்திகை பார்த்தார்கள். இப்போது பெரும்பாலான விழாக்களில் ஒரு மடிக்கணினி, ஒரு கரோக்கே இசைத்தடம், ஒரு பாடகர். செலவு குறைவு, சுருதி பிசகாது, நேரத்துக்கு முடியும் என்ற காரணங்களை நான் மறுக்கவில்லை. பிளாக்பூல் மண்டபக்காரர்களும் அவற்றையேதான் சொன்னார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர், பாடகருக்காக ஒரு வாத்தியக்காரர் தாளத்தைத் தளர்த்திக் கொடுப்பதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மிருதங்கமும் வயலினும் வகுப்பில் கற்கும் பிள்ளைகளை, வாத்தியக்காரரும் மக்களும் ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் கவனிக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்வது சங்கத்தின் கடமைகளுள் ஒன்று என்றே கருதுகிறேன்.

உங்கள் கூட்டங்களில் எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். இரவு வாழ்க்கை என்றாலே மது என்று நம் பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் எள்ளமாட்டேன். வார இறுதி இரவில் மணமகன் விருந்து, மணமகள் விருந்து என்று வந்து கடற்கரைச் சாலையில் தள்ளாடும் கூட்டத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் டவர் பால்ரூமில் பிற்பகலில் நடப்பது வேறு. தேநீரும் ஸ்கோனும் மேசைக்கு வருகின்றன. பாட்டிமார் பேத்திகளைக் கைபிடித்து ஆடுகிறார்கள். ஆடத் தெரியாதவர்கள் பலகணியில் அமர்ந்து கேட்கலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. ஒழுக்கக் கேடாக நடப்பவரை உடனே வெளியேற்றுவோம் என்று அறிவிப்புப் பலகை வைத்திருந்த மண்டபம் அது. கிராண்ட் அரங்கிலும் ஒபேரா ஹவுஸிலும் நடக்கும் மாலை நிகழ்ச்சிகளுக்கு எண்பது வயது மூத்தவர்களும் ஏழு வயதுப் பிள்ளைகளும் ஒன்றாகப் போகலாம். எந்த இரவுக்கு எந்த நிகழ்ச்சி என்று முன்கூட்டியே பார்த்துத் தேர்ந்தெடுப்பது பொறுப்பாளர்களின் கையில் இருக்கிறது. மது நிறைந்த இரவைக் கண்டு நாம் ஒதுங்க ஒதுங்க, ஊர் முழுவதும் அத்தகையவர்களுக்கே விடப்பட்டுவிடும் என்பதையும் நினைக்க வேண்டும்.

செலவு பற்றிய மறுப்பு இன்னும் நியாயமானது. ஓர் இரவு தங்குவது என்றால் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பெரிய தொகை. அதற்கு வழி உண்டு. பிளாக்பூலின் சிறு விடுதிகள் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களின் வார நடுவில் கூட்டமாக வருவோருக்கு விலை குறைத்துக் கொடுப்பது வழக்கம். ஒரு பேருந்துக்கான ஆட்களை ஒரே விடுதியில் தங்கவைத்தால் சமையலறையையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். மேலும், பிள்ளைகள் ராட்டினங்களுக்குச் செலவழிக்கும் தொகையோடு ஒப்பிட்டால் பால்ரூம் நுழைவுச் சீட்டு பெரிய செலவே அன்று. தங்கவே முடியாத சங்கங்கள், பிற்பகல் ஆர்கன் நேரத்தையாவது திட்டத்தில் சேர்த்து, ஒளி அலங்காரத்தைப் பார்த்துத் திரும்பட்டும். அதுவும் நல்ல தொடக்கம்தான்.

இன்னொன்றையும் உங்களிடம் கேட்கிறேன். டவர், விண்டர் கார்டன்ஸ் ஆகிய இரண்டையும் 2010இல் பிளாக்பூல் நகரசபையே விலைக்கு வாங்கியது. ஊரின் பொழுதுபோக்கு வரலாற்றைச் சொல்லும் ஷோடவுன் அருங்காட்சியகத்தை 2024இல் திறந்திருக்கிறார்கள். ஆகவே அந்த மண்டபங்களில் என்ன ஒலிக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பொதுமக்கள் பேசுவதற்கு இடம் இருக்கிறது. பார்வையாளரை அழைத்துவரும் சங்கங்கள் கூட்டாக ஒரு கடிதம் எழுதி, ஒளி அலங்காரப் பருவத்தின் வார இறுதிகளில் மாலை வேளையிலும் ஆர்கனும் வாத்தியக் குழுவும் பால்ரூமில் ஒலிக்குமாறு கேட்டால், அத்தனை பேருந்துகளின் சார்பாக வரும் குரலை அவர்கள் புறக்கணிக்க மாட்டார்கள். அதே கடிதத்தில், நம் இளைய நாதஸ்வர, தவில், வயலின் கலைஞர்களுக்கு விண்டர் கார்டன்ஸில் ஒரு மாலை மேடை கிடைக்குமா என்றும் கேட்கலாம். ஒவ்வோர் ஓகஸ்டிலும் அங்கே பங்க் இசை விழா நடக்கிறது. 1920 முதல் நடன விழா நடந்து வருகிறது. உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் நடனக்காரர்கள் எம்பிரஸ் பால்ரூமுக்கு வந்து போகிறார்கள். தவில் ஒலித்தால் அந்தத் தளத்துக்குப் புதுமையாக இருக்குமே தவிர, அந்நியமாக இராது.

பழைய பிளாக்பூல் இரவுகள் எனக்கு இனியவை என்பதால் மட்டும் இதைக் கேட்கவில்லை. பருவத்துக்குப் பருவம் வேலை கிடைக்குமா என்று தெரியாமல் வாழ்ந்த டிரம்ஸ்காரரையும் சாக்ஸபோன்காரரையும் அந்தக் கோடையில் விடுதி மேசையில் அருகிருந்து பார்த்தவன் நான். காலையில் நான் பரிமாறிய முட்டையையும் ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டு, இரவு மண்டபத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றுதான் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்கள். கைதட்டல் எப்படி என்று கேட்டதில்லை. ஆள் குறைந்தால் அடுத்த வாரம் குழுவில் ஒருவர் குறைவார் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு அந்த ஊரில் வாசிப்பவர்களின் நிலையும் அதுவேதான். ஐம்பது பேர் கொண்ட ஒரு பேருந்து பால்ரூமுக்குள் நுழைந்தால், அந்த வேறுபாடு அன்றைய கணக்கிலேயே தெரியும்.

அடுத்த பயணத்துக்கான அறிவித்தலை நீங்கள் தயாரிக்கும்போது, ராட்டினங்கள், கோபுரம், ஒளி அலங்காரம் என்று எழுதும் வரிசையில் ‘டவர் பால்ரூமில் ஆர்கன் இசை’ என்பதையும் சேர்த்து, நுழைவுச் சீட்டுக் கட்டணத்தைப் பயணக் கட்டணத்தோடு சேர்த்தே வாங்குங்கள். தனியாகக் கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். சேர்த்து வாங்கினால் எல்லோரும் வருவார்கள். மண்டபத்தின் வரலாற்றைப் பேருந்தில் போகும்போதே தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டால், வடக்கே நான் இருக்கிறேன். எந்தச் சங்கம் அழைத்தாலும், என் பயணச் செலவை நானே பார்த்துக்கொண்டு, வந்து பேசத் தயாராக இருக்கிறேன்.

மிக்க அன்புடன்,

லங்காஷயரில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவன்